சாட்சி கேட்ட டீச்சர்

அம்சவள்ளி வந்து சேர்ந்த முதல் வாரமே அவளோடு எனக்குப் பெரிய சண்டை வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அது முழுக்க முழுக்க என் பெருந்தன்மை. வேறு யாராவது காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம். புதிய பாடத்திட்டம் மூன்றாம் ஆண்டுக்கு ஏறிவந்த சமயம். மலேசியாவில் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து உள்ளே பிரியும் சடக்குப் பாதையில் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. நான் ஐந்தாம் ஆண்டு டீச்சர், பெயர் தங்கமணி. என் வகுப்புக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அது கூரை வரை எட்டாது. இந்தப் பக்கம் நான் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து "கஞ்சன்! இல்ல, கஞ்சன் இல்ல!" என்று கூச்சல் வரும். என் பிள்ளைகளின் காதெல்லாம் தடுப்பைத் தாண்டிப் போய்விடும். கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அம்சவள்ளி செரண்டாக்காரி. அப்பா ரவாங்கில் தொழிற்சாலை வேலை. தாத்தா காலத்திலேயே தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போன குடும்பம். பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் தற்காலிக ஆசிரியையாக எங்களிடம் வந்தாள். பஸ்ஸைத் தவறவிட்டு, தோட்டத்து லோரியில் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சிரித்தபடியே வந்து இறங்கினாள். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. புண்ணாக்கு மூட்டை மேல் வருகிறவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

தலைமையாசிரியர் அவளை என் வீட்டிலேயே தங்க வைத்துவிட்டார். வேறு வீடு காலி இல்லையாம். சோறு வைத்தால் குழைப்பாள், இல்லாவிட்டால் தீய்ப்பாள். நடந்துகொண்டே சாப்பிடுவாள். மேய்கிற மாட்டைப் பார்த்து "சாப்ட்டாச்சா?" என்று விசாரிப்பாள். ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால், என்னத்தைச் சொல்ல, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

முதல் நாள் வகுப்பில் அவள் சொன்ன கதையைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நானும் கேட்டேன். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, காதில் விழுந்தது. சன்னாசி என்று ஓர் ஆள் சபாக் டவுனில் ஒரு வாத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறான். கண்டக்டர் வாத்துக்கும் டிக்கெட் கேட்கிறார். சன்னாசி வாத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, "எந்த வாத்து?" என்கிறான். வாத்து உள்ளேயிருந்து கத்துகிறது. இவன் உடனே இருமுகிறான். பஸ் குலுங்கும்போதெல்லாம் வாத்தை ஒரு கையால் அணைத்துக்கொள்கிறான். அதற்குக் காற்று வரட்டும் என்று மேல் பட்டன்களைக் கழற்றிவிடுகிறான். கதை அவ்வளவுதான்.

"இப்ப சொல்லுங்க, சன்னாசி எப்படிப்பட்டவன்?"

"குண்டா இருப்பான் டீச்சர்!"

"மீச வச்சிருப்பான்!"

"அது ஆளு. நான் கேட்டது குணம்."

பிறகு ஒரு பையன், "கெட்டவன் டீச்சர். பொய் சொன்னான்" என்றான். இன்னொருத்தி, "நல்லவன் டீச்சர். வாத்துக்குக் காத்து விட்டான்" என்றாள். அப்புறம் வகுப்பே இரண்டாகப் பிரிந்து நல்லவன், கெட்டவன் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. நான் பிரம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அதற்குள் அம்சவள்ளி மேசையைத் தட்டினாள். "நல்லவன், கெட்டவன், இந்த ரெண்டு வார்த்தைக்கும் இன்னையிலருந்து இந்த வகுப்புல லீவு. யாரு சொன்னாலும் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தணும். டிக்கெட் காசு குடுக்கல, அப்ப அவன் யாரு? கஞ்சன். சாட்சி எங்க? டிக்கெட் எடுக்காதது சாட்சி. வாத்த அணைச்சிக்கிட்டான், அப்ப யாரு? பாசக்காரன். ஒரே ஆளு கஞ்சனாவும் பாசக்காரனாவும் இருக்கலாமா, கூடாதா?"

"இருக்கலாம் டீச்சர். எங்க மாமா இருக்காரு" என்றது ஒரு குரல்.

அது புஷ்பவள்ளி. சின்னம்மாவின் மகள். சின்னம்மா உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறவள். புஷ்பவள்ளி ஒல்லிக்குச்சி, வாயைத் திறப்பதே அபூர்வம். ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, அப்பப்பா! எதையும் விடாது.

அன்றிலிருந்து அந்த வகுப்பில் ஒரே வார்த்தைதான். சாட்சி. ஆள் என்ன சொன்னான், என்ன செய்தான், யாரும் பார்க்காதபோது என்ன செய்தான், இந்த மூன்றையும் பார்த்துத்தான் குணத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பெயர் வைத்தால் அம்சவள்ளி விடமாட்டாள். "ஒரு தடவ செஞ்சா அது சம்பவம். திரும்பத் திரும்ப செஞ்சாதான் அது குணம். இன்னும் பாருங்க" என்பாள்.

எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. ஒரு தடவை வைத்துவிட்டால் சாகும் வரைக்கும் அதுதான். எப்போதோ ஒருநாள் கல்யாண வீட்டில் இரண்டு தடவை பாயசம் கேட்டவர் இன்றைக்கும் பாயசம்தான். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி சுப்பிரமணியத்துக்கு இரும்புப்பெட்டி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. சட்டைப் பையில் ஒரு பச்சைப் பேனா செருகியிருப்பார். மாதத்தில் சில நாள் பெரட்டுக்கு வந்து தானே பேர் குறிப்பார். பெரட்டு என்றால் விடியும் முன்பே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அந்தப் பச்சைப் பேனா ஒரு பேரை அடித்தால் அடித்ததுதான், அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

அப்படிப்பட்ட தோட்டத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ச் சாட்சி கேட்க ஆரம்பித்தால் எப்படியிருக்கும்? "இவரு ரெண்டு தடவதானே பாயசம் கேட்டாரு, அது சம்பவம்லா" என்று பாயசத்துக்காக வழக்காடினார்கள். ஒருவன் அப்பாவிடம், "நீங்க வாய்ச்சவடால்பா. தண்ணிக்குழாய சரி பண்றேன்னு மூணு வாரமா சொல்றீங்க, அதான் சாட்சி" என்று சொல்லி முதுகில் வாங்கினான். குழாய் மறுநாளே சரியானது என்று கேள்வி.

என்னையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம், "தங்கமணி டீச்சர் கோவக்காரங்க" என்று ஒருவன் சொல்ல, சாட்சிகள் குவிந்தன. எனக்கு வந்ததே ஆத்திரம்! எழுந்து போவதற்குள் புஷ்பவள்ளியின் குரல் கேட்டது. "ஆனா டீச்சர், அவங்க பெரம்ப எங்க வச்சோம்னு மறந்துருவாங்க. தேடி எடுக்கறதுக்குள்ள கோவம் போயிரும். எப்பவும் அப்படித்தான்." நான் மெதுவாக உட்கார்ந்துகொண்டேன். அன்று பிரம்பைத் தேடவும் இல்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது, "அந்தப் புஷ்பவள்ளி ரொம்ப நல்ல புள்ள" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்சவள்ளி பூவாளியை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஊற்றினேன். வேறு என்ன செய்வது?

ஆண்டு நடுவில் பெற்றோர் தினம் வந்தது. தோட்டத்து மானேஜரே வருகிறார் என்று தலைமையாசிரியர் மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு வகுப்பும் சுவரில் ஏதாவது ஒட்ட வேண்டும். என் பிள்ளைகள் மலேசியப் படம் வரைந்தார்கள், சபா மாநிலம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அம்சவள்ளி தன் பிள்ளைகளிடம், "உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரப் பத்தி எழுதுங்க. குணம் ஒண்ணு, சாட்சி மூணு" என்று சொல்லி மணிலா அட்டைகளைக் கொடுத்துவிட்டாள்.

அன்று காலை அட்டைகளை ஒட்டி முடித்த கையோடு மண்டோர் ரெங்கசாமி வந்தார். பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புகிற மண்டோர். முறுக்கு மீசை, ஊரையே எழுப்புகிற தொண்டை. அவர் அதட்டினால் லயத்து நாய்கள் வாலை மடக்கிக்கொள்ளும். வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, பெற்றோர் தினத்துக்குத்தான் வந்திருந்தார். ஆனால் முகம் சிவந்து கிடந்தது.

"டீச்சரம்மா, அந்த அட்டைய மொதல்ல கழட்டுங்க!"

"எந்த அட்டைங்க மண்டோரே?"

"சின்னம்மா மவ எழுதினது. என்னய இளகின மனசுக்காரன்னு எழுதி வச்சிருக்கா. இதெல்லாம் நல்லாவாலா இருக்கு? இருவது வருசமா மொறச்சி மொறச்சி வச்சிருக்கிற பேரும்மா இது!"

அம்சவள்ளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாராட்டித்தானே எழுதியிருக்கா? கூச்சப்படாதீங்க மண்டோரே. சாட்சியோட எழுதியிருக்கா. நான் கழட்ட மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா தங்கமணி, நீ தோட்டத்துல பொறந்தவ. நீயாச்சும் போயி அதப் படிச்சிப் பாரு" என்றார். குரல் திடீரென்று இறங்கிவிட்டது. அவர் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. போய்ப் படித்தேன். பென்சில் எழுத்து, கோடு போட்டு அழகாக இருந்தது.

"மண்டோர் ரெங்கசாமி இளகிய மனசுக்காரர். சாட்சி ஒன்று: தம்பியை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா பெரட்டுக்குத் தாமதமாக வந்தால் மண்டோர் அம்மா பேரைக் கடைசியில்தான் கூப்பிடுவார். சாட்சி இரண்டு: அப்போதும் அம்மா வரவில்லை என்றால் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று குனிந்துகொள்வார். அவர் செருப்பு நன்றாகத்தான் இருக்கிறது. சாட்சி மூன்று: அம்மா வந்த பிறகு சத்தமாகத் திட்டுவார். திட்டி முடித்ததும் திரும்பி நின்று சிரிப்பார். எப்போதும் இப்படித்தான்."

படித்து முடித்ததும் விருட்டென்று திரும்பினேன்.

"அடி பாவி!" என்றேன் அம்சவள்ளியிடம். "பேர் கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா அன்னிக்கு வேல கிடையாதுன்னு மானேஜர் உத்தரவு. ஆளுக்காகக் காத்திருந்தா மண்டோர் வேல போயிரும். ரெண்டாம் டிவிசன் மண்டோர இதுக்குத்தான் எடுத்துட்டாங்க. அவரு இப்ப பழம் வெட்றாரு. கைக்கொழந்தக்காரிங்க அத்தன பேரும் இவரு செருப்ப நம்பித்தான் இருக்காங்க. நீ அத சுவத்துல ஒட்டி வச்சிருக்க!"

அம்சவள்ளியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. டவுனில் வளர்ந்தவள், பெரட்டை அவள் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் அட்டையில் கை வைத்தாள். அதே சமயம் வெளியே ஜீப் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் வாசலில் மாலையோடு நின்றுகொண்டு, "மூன்றாம் ஆண்டுலருந்து ஆரம்பிக்கலாம் துவான்!" என்று சொல்வதும் கேட்டது. நல்ல மனுஷன்! என் வகுப்பிலிருந்து ஆரம்பித்தால் என்னவாம்?

மானேஜர் மலாய்க்காரர், சாதுவாகப் பேசுவார், ஆனால் உத்தரவு உத்தரவுதான். தமிழ் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்வதற்குப் பக்கத்தில் பெரிய கிராணி சுப்பிரமணியம் வந்தார், பச்சைப் பேனாவோடு. இரும்புப்பெட்டியிடமிருந்து இரக்கத்தை யார் எதிர்பார்ப்பார்கள்? ரெங்கசாமி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அம்சவள்ளி அட்டைக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றாள். ஒல்லியானவள், என்னத்தை மறைக்க முடியும்? இரண்டு பக்கமும் எழுத்து தெரிந்தது.

"தள்ளிக்கும்மா" என்றார் கிராணி.

அவள் தள்ளி நின்றாள். மானேஜர் அந்த அழகான எழுத்தைப் பார்த்துவிட்டு, மண்டோர் படத்தையும் பார்த்தார். புஷ்பவள்ளி ஓரத்தில் மீசை பெரிதாகப் படம் வேறு வரைந்திருந்தாள். இது நம் மண்டோர்தானே, என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

கிராணி படித்தார். ஒரு தரம் மேலிருந்து கீழே படித்தார். பிறகு மறுபடியும் படித்தார். நான் கும்பிடாத சாமி இல்லை. பெற்றோர் கூட்டத்தில் முன்னால் நின்ற சின்னம்மா இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் மகள் என்ன எழுதினாள் என்று தெரியும்.

கிராணி தொண்டையைச் செருமினார்.

"மண்டோர் இனி காராங், துவான். சங்காட் காராங்" என்றார். இந்த மண்டோர் ரொம்பக் கண்டிப்பானவராம், அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். "தாமதமா வந்தா சத்தம் போட்டுத் திட்டுவாருன்னு புள்ள எழுதியிருக்கா" என்று அதையும் மலாயில் சேர்த்துக்கொண்டார். மானேஜருக்கு ஒரே சந்தோஷம். "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சி ரெங்கசாமியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போனார்.

கிராணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மானேஜர் பின்னாலேயே நடந்தவர், ரெங்கசாமியைத் தாண்டும்போது மட்டும் நிற்காமல், திரும்பாமல், "மண்டோரே, மொதல்ல ஒரு நல்ல செருப்பா வாங்கும்" என்றார்.

ரெங்கசாமி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜீப் போனதும் அம்சவள்ளி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். புஷ்பவள்ளி அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினாள். "நான் தப்பா எழுதிட்டேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

அம்சவள்ளி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "தப்பே இல்ல கண்ணு. நீ சரியாத்தான் பாத்த. எங்க ஒட்டணும்னு நான்தான் பாக்கல" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாழாய்ப்போன மனசு, நானும் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

எல்லாரும் மலாய் தெரிந்த பிள்ளைகள்தானே, காராங் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? அடுத்த வாரம் வகுப்பில், "கிராணி எப்படிப்பட்டவரு?" என்று அம்சவள்ளி கேட்பதற்கு முன்பே, "இளகின மனசு டீச்சர்!" என்று கத்தினார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். நான் பின்னக் கணக்கை மூடி வைத்துவிட்டேன்.

புஷ்பவள்ளி மட்டும் தலையாட்டினாள். "ஒரு தடவதானே டீச்சர் செஞ்சாரு? அது சம்பவம். இன்னும் பாக்கணும்" என்றாள்.

ஆண்டுக் கடைசியில் அம்சவள்ளிக்குப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுடைய பெட்டியை அதே லோரியில் ஏற்றினோம். இந்த முறை அவளை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தேன், புண்ணாக்கு மூட்டையெல்லாம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நெத்திலி சம்பல் ஒரு டப்பா நிறைய வைத்துக் கொடுத்தேன். தானே செய்துகொள்ளத் தெரியாதவள் பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். "சாட்சி?" என்று கேட்டாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

லோரி கிளம்பும் நேரத்தில் புஷ்பவள்ளி சடக்கில் ஓடி வந்தாள். தலை பின்னாமல், மூச்சிரைக்க வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், பாத்துட்டேன்! கிராணி பெரட்டுக்கு வந்தாரு. அம்மா பேரு வந்துச்சி, அம்மா வரல. பேனா எழுதலன்னு ஒதறிக்கிட்டே இருந்தாரு. அம்மா ஓடி வந்து நின்ன ஒடனே எழுதிருச்சி!"

"ஒரு தடவையா?" என்றாள் அம்சவள்ளி.

"இல்ல டீச்சர். போன மாசமும் எழுதல. அதுக்கு முந்தின மாசமும் எழுதல. மத்தவங்க கொழந்தைய விட்டுட்டு வர லேட்டானாலும் எழுத மாட்டேங்குது. இப்ப அது கொணம்தானே? நான் அட்டையில எழுதவா டீச்சர்?"

"எழுதாத புள்ள!" என்று நானும் அம்சவள்ளியும் லோரி டிரைவரும் ஒரே குரலில் கத்தினோம்.

புஷ்பவள்ளி சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "எழுத மாட்டேன் டீச்சர். சும்மா கேட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள்.

லோரி நகர்ந்தது. அம்சவள்ளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். புஷ்பவள்ளி வீட்டுக்குப் போகவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு முன்னால் இருந்த பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஏன் புள்ள, இன்னிக்கு யாரும் அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லலியே?" என்று பின்னாலேயே வந்து கேட்டேன்.

"நான் சொன்னேன் டீச்சர்" என்றாள். "லோரி போனப்புறம், அவங்களப் பத்தி."

நான் இன்னொரு பூவாளியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.